ஆளில்லாப் பள்ளிக்கூடத்து மணி

பேய் என்று ஒன்று கிடையாது என்று சவரிராயன் பலபேரிடம் சத்தியம் செய்திருக்கிறான். அத்தனை சத்தியமும் பட்டப்பகலில், திருச்சி டவுனுக்குள், பக்கத்தில் நாலு ஆள் நிற்கும்போது செய்தது. பச்சைமலை ரோட்டில், ஐப்பசி மாதத்து மூட்டத்தில், பஸ் அவனையும் துப்பறியும் பிச்சைமுத்துவையும் இறக்கிவிட்டுவிட்டு நிற்காமல் ஓடியபோது, அந்தச் சத்தியத்தைக் கொஞ்சம் தளர்த்திக்கொண்டால் என்ன என்று அவனுக்குத் தோன்றியது.

"சார், நான் பஸ்ல டிக்கெட் கிழிச்சுப் பொழைச்சவன். டிரைவர் இவ்வளவு அவசரமா கிளம்புற எடத்துல நாம எறங்கக்கூடாதுங்க."

"அந்த வாயாலதான் உனக்குக் கண்டக்டர் வேலை போச்சு" என்றார் பிச்சைமுத்து.

"போனதுனாலதானே உங்ககிட்ட வந்தேன். இப்ப உயிரும் போயிடும் போலிருக்கு."

பிச்சைமுத்து சிரிக்கவில்லை. போலீஸில் இருந்தவரைக்கும் அவர் சிரித்ததாக யாரும் சொன்னதில்லை. ஓய்வு பெற்று, புத்தூரில் ஒரு மருந்துக்கடை மாடியில் துப்பறியும் அலுவலகம் திறந்த பிறகும் அந்தப் பழக்கம் வரவில்லை. குடையை ஊன்றிக்கொண்டு மலையைப் பார்த்தார். முந்தின நாள் ஸ்ரீரங்கத்தில் கேட்ட பேச்சு அவர் மனசில் ஓடிக்கொண்டிருக்கிறது என்பது சவரிராயனுக்குத் தெரியும். அவன் மனசிலும் அதுதான் ஓடியது.

சித்திரை வீதியில் ஒரு பெரிய வீடு. கூப்பிட்டு அனுப்பியவள் வேதவதி அம்மாள். வக்கீலாக இருந்த கணவர் போய்ப் பல வருஷம் ஆயிற்று. ஒரே பெண் கோதை, அதற்கும் முன்னால் ஒன்பது வயதில் டைபாய்டு காய்ச்சலில் போய்விட்டாள். அந்தப் பெண்ணின் நகைக்கென்று வைத்திருந்த பணத்தையெல்லாம் போட்டு, ஏழு வருஷத்துக்கு முன்னால் பச்சைமலைப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம் கட்டினாள். அதற்கொரு டிரஸ்ட். அதை நடத்துகிறவர் அவளுடைய கொழுந்தனார் பராசரன்.

முதலில் பேசியவரும் பராசரன்தான்.

"டீச்சருக்கு சர்க்கார் கிராண்ட்ல சம்பளம். கட்டடம், மூணு வருஷம் முன்னால புதுசா மாத்தின பெஞ்சு, வருஷா வருஷம் வெள்ளையடிக்கிறது எல்லாம் எங்க டிரஸ்ட். சமீபத்துல ரெண்டு தரம் சொல்லாம கொள்ளாம போய்ப் பார்த்தேன். பூட்டிக் கிடக்கு. ஒரு பிள்ளை இல்லை. அற்புதம்மாள்னு பேர் அந்த டீச்சருக்கு. பேரைப் பார்த்து ஏமாந்துட்டோம். வெள்ளிக்கிழமை கமிட்டி கூடறது. போலீஸ்ல எழுதிக்கொடுத்து, கிராண்டை நிறுத்தச் சொல்லி, பள்ளிக்கூடத்தையும் மூடிடறதா இருக்கோம்."

"ஆண்டு விழாவுக்கு நீங்க போறதுண்டாம்மா?" என்று பிச்சைமுத்து வேதவதியைக் கேட்டார்.

"மாசி மாசம் போவேன். நாப்பது குழந்தைகள் வரும். அழகாப் பாடும்" என்றாள் வேதவதி. பிறகு கொஞ்சம் தயங்கினாள். "போன தடவை ஒண்ணு நடந்தது. விழா ஆரம்பிக்க மணி அடிக்கச் சொன்னேன். டீச்சர் வேண்டாம்மா வேண்டாம்மான்னா. பராசரன் கேக்காம போய் அடிச்சான். அவ்வளவுதான். அத்தனை குழந்தைகளும் எழுந்து வெளில ஓடி, பின்னால இருக்கிற பாறை மேல ஏறி நின்னுடுத்து. எவ்வளவு கூப்பிட்டும் எறங்கலை."

"ஒழுக்கம் கத்துக்கொடுக்கலைன்னு அர்த்தம்" என்றார் பராசரன்.

"ஒழுக்கம் இல்லை. பயம். நான் முகத்தைப் பார்த்தேன்." வேதவதி பிச்சைமுத்துவிடம் திரும்பினாள். "அடிவாரத்து டீக்கடைக்காரன் எங்க டிரைவர்கிட்ட சொல்லியிருக்கான். அங்க மணி தானா அடிக்கிறதாம். செத்துப்போன ஒரு பொண்ணு அடிக்கிறாளாம். காசு போனா போறது, அதுக்கு நான் உங்களைக் கூப்பிடலை. பள்ளிக்கூடம்னா என் கோதைக்கு உசிரு. அவளைப் பெருமாள் திருவடியில சேர்த்துண்டுட்டார்னு நெனச்சுண்டிருக்கேன். சேரலையா? அங்க தனியா அலையறாளா? அதை மட்டும் நிச்சயமாத் தெரிஞ்சுண்டு வந்து சொல்லுங்கோ."

கமிட்டிக்கு இன்னும் இரண்டே நாள். கிண்டல் பண்ண ஆயிரம் விஷயம் கிடைக்கும் சவரிராயனுக்கு, அன்றைக்கு அந்த வீட்டில் ஒன்றும் கிடைக்கவில்லை.

அடிவாரத்து டீக்கடை காத்தானுடையது. இந்த ஊருக்கு வந்தே ஒரு வருஷம்தான் ஆகிறது என்றான். மணியைப் பற்றிக் கேட்டதும் கிளாஸைக் கழுவுவதை நிறுத்தினான்.

"வெயில் காலத்துல ஒரு சத்தமும் இருக்காதுங்க. மழை மாசம் வந்தாத்தான் அடிக்கும். நேத்துகூட அடிச்சுச்சு."

"நேத்து இங்க மழையா?" என்று கேட்டார் பிச்சைமுத்து.

"இங்க ஒரு பொட்டு விழலீங்க. உச்சியிலதான் கருத்துக் கெடந்துச்சு."

"யாரு அடிக்கிறாங்கன்னு போய்ப் பாக்கலாம்ல?"

"எனக்குப் பொண்டாட்டி புள்ள இருக்குதுங்க."

சவரிராயன் நயா பைசாவை எண்ணி வைத்தான். "கோடை விடுமுறை விடுற பேயை இப்பத்தான் சார் கேள்விப்படுறேன். கிராண்ட் வாங்குற பேயா இருக்குமோ?"

"டீச்சர் எங்க இருக்காங்க?" என்றார் பிச்சைமுத்து.

"மாசத்துக்கு ஒருக்கா சம்பளம் வாங்க டவுனுக்குப் போறப்ப பாப்பேங்க. மத்த நாள்ல எங்க இருக்காங்கன்னு தெரியாது."

அங்கிருந்து வளைந்து ஏறும் ரோட்டில் கால்மணி நேரம் நடந்தார்கள். திருப்பத்தில், மேட்டின் மேல், அந்தக் கட்டடம் நின்றது. சவரிராயன் பார்த்த பள்ளிக்கூடமெல்லாம் அழுக்காக, கத்தலாக, சுவரெல்லாம் மை தெறித்துக் கிடக்கும். இது வெள்ளை வெளேரென்று, ஒரு ஓடுகூட உடையாமல், சத்தம் இல்லாமல் நின்றது. வாசலில் கருங்கல்லில் கோதையின் பெயர் செதுக்கியிருந்தது. 

பராசரன் கொடுத்த சாவியால் திறந்து உள்ளே போனார்கள். பெஞ்சுகள் வரிசையாக இருந்தன. பிச்சைமுத்து ஒரு பெஞ்சைக் கையால் தடவிப் பார்த்தார்.

"சவரி, நீ எதுவரைக்கும் படிச்ச?"

"அஞ்சாவதுங்க. அதுக்கு மேல வாத்தியார் ஒத்துக்கலை."

"உன் பெஞ்சுல என்ன செதுக்கின?"

"என் பேரு, அப்புறம் வாத்தியார் மூக்கு. மூக்குக்கே பெஞ்சுல எடம் பத்தலை."

"இங்க ஏதாவது இருக்கா பாரு."

சவரிராயன் குனிந்து பெஞ்சு பெஞ்சாகப் பார்த்தான். ஒரு கீறல் இல்லை. ஒரு பெயர், ஒரு கோடு, ஒரு மைக்கறை இல்லை. சுவரில் பிள்ளைகள் சாய்கிற உயரத்தில் எண்ணெய்த் தலை பட்ட அடையாளம்கூட இல்லை. நாற்பது பிள்ளைகளில் ஒரு போக்கிரி கூடவா இருக்கமாட்டான்? அப்படி ஒரு பள்ளிக்கூடம் உலகத்தில் கிடையாது. இந்த அறையில் வருஷக்கணக்காக யாரும் உட்கார்ந்து படிக்கவில்லை.

"டீச்சர் மாட்டிக்கிட்டாங்க சார். வாங்க, அடுத்த பஸ்ஸைப் பிடிச்சுடலாம்."

"மணியைப் பாக்க வேண்டாமா?"

"நான் பாத்துத்தான் ஆகணுமா?"

முன்பக்க வராந்தாவில் மணி தொங்குவதற்கென்று அடித்த கொக்கி மட்டும் துருப்பிடித்துக் கிடந்தது. மணியைப் பின்பக்கத்துக்கு மாற்றியிருந்தார்கள். ஒரு தண்டவாளத் துண்டு, அதன் பக்கத்தில் ஒரு சுத்தியல். பிச்சைமுத்து சுத்தியலை எடுத்து அவனிடம் நீட்டினார். மரப்பிடி கைபட்டுக் கைபட்டு வழவழவென்று தேய்ந்திருந்தது.

"பெஞ்சு புதுசு. சுத்தியல் பழசு" என்றார் பிச்சைமுத்து. "இந்தப் பள்ளிக்கூடத்துல வேலை செய்யறது மணி ஒண்ணுதான். இதை அடிக்கிற ஆளுக்குக் கை இருக்கு, உள்ளங்கையில வேர்வையும் இருக்கு. அப்புறம் இன்னொண்ணு. எல்லாப் பள்ளிக்கூடத்துலயும் மணி வாசல்ல தொங்கும். இங்க ஏன் பின்னால? இங்க நின்னு அடிக்கிறவங்க எதைப் பாத்துக்கிட்டு அடிக்கிறாங்க?"

சவரிராயன் பார்த்தான். தூரத்தில் பாறை முகட்டில் மெல்லிசாக ஒரு அருவி விழுந்துகொண்டிருந்தது. கீழே பள்ளத்தில் ஒரு ஓடை. ஓடைக்கு அந்தப் பக்கம், மூங்கில் புதருக்கு நடுவே ஊர்க்கூரைகள் தெரிந்தன. வேறே ஒன்றும் இல்லை.

"ஊருக்குப் போய்க் கேப்போம்" என்று பிச்சைமுத்து இறங்க ஆரம்பித்தார்.

ஓடையில் கணுக்கால் அளவுக்குத்தான் தண்ணீர். அடியில் கிடந்த கூழாங்கல் தெரிந்தது. சவரிராயன் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினான். நாலு எட்டு வைத்திருப்பான்.

மேலே மணி அடித்தது.

பூட்டிவிட்டு வந்த பள்ளிக்கூடம். ஆள் இல்லாத மேடு. டங், டங், டங் என்று விடாமல், பைத்தியம் பிடித்த மாதிரி அடித்தது. சவரிராயனின் கால் இரண்டும் ஓடையிலேயே நின்றுவிட்டன. மாதாவே என்று சொல்ல நினைத்தான், வாய் திறக்கவில்லை. இத்தனை வருஷமாக நிற்காமல் பேசிய வாய் அது.

பிச்சைமுத்துவும் ஒரு கணம் நின்றார். அடுத்த கணம் அவர் பாய்ந்து வந்து அவன் சட்டைக் காலரைப் பிடித்தார்.

"ஏறு. பாறை மேல ஏறு."

"சார், பேய் மேலதான சார் இருக்கு."

"ஏறுடா."

அறுபது வயது மனுஷனுக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ, அவனை இழுத்துக்கொண்டே பாறையில் ஏறினார். கை சிராய்த்தது. செருப்பு கீழே விழுந்தது. எடுக்கலாம் என்று சவரிராயன் திரும்பினான்.

அப்போது வளைவுக்கு அந்தப்புறம் இரைச்சல் கேட்டது. செம்மண் கரைசலாக, மரக்கிளையும் கல்லும் புரட்டிக்கொண்டு தண்ணீர் வந்தது. அவன் நின்ற இடத்தில் ஆள் உயரத்துக்கு ஓடியது. செருப்பு போன திசைகூடத் தெரியவில்லை. தலைக்கு மேலே இன்னும் ஒரு சொட்டு மழை விழவில்லை.

சவரிராயன் உட்கார்ந்துவிட்டான்.

"விழாவுல அந்தப் பிள்ளைங்க ஓடினது பேய்க்குப் பயந்து இல்ல" என்றார் பிச்சைமுத்து மூச்சு வாங்கியபடி. "மணி கேட்டா மேட்டுக்கு ஏறணும்னு பழக்கியிருக்காங்க. எல்லா ஊர்லயும் மணி அடிச்சா வான்னு அர்த்தம். இங்க வராதேன்னு அர்த்தம்."

மணி நின்றது. மேட்டிலிருந்து ஒரு பெண் இறங்கி வந்தாள். நாற்பது வயசு இருக்கும். கையில் அந்தச் சுத்தியல்.

"வெளியூரா நீங்க? மணி அடிக்கிறப்ப தண்ணியில நிக்கிறீங்களே" என்று திட்டுகிற குரலில் கேட்டாள். அவள் பெயர் இருளாயி. கட்டடத்துக்குப் பின்னால் சரிவில், மேலே இருந்து பார்த்தால் தெரியாத இடத்தில் குடிசை போட்டிருந்தாள். டிரஸ்டிலிருந்து அனுப்பி வந்திருக்கிறோம் என்று பிச்சைமுத்து சொன்னார். 

ஓடைக்கு அக்கரையில், ஒரு பாறைக் குடைவுக்கு அடியில், வரிசையாகப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் வெள்ளைச் சேலையில் ஒரு அம்மாள் நின்றுகொண்டு இந்தப் பக்கம் யாருக்காவது ஆபத்தா என்று கைச்சாடையில் கேட்டாள். இருளாயி இல்லையென்று சுத்தியலை ஆட்டினாள். அற்புதம்மாள் திரும்பிப் பாடத்தை விட்ட இடத்திலிருந்து நடத்தத் தொடங்கினாள்.

"டீச்சரம்மா அங்க எங்க ஊர்லயேதான் இருக்காங்க. அவங்களுக்கு ஒண்ணும் ஆயிடாதுல்ல?" என்றாள் இருளாயி. "விழாவுக்கு வர்ற டிரஸ்டுக்காரரு காருல ரெண்டு தடவை வந்து போனாரு. அதுலேருந்து டீச்சரம்மா சரியாச் சாப்பிடுறதில்லை. இந்தம்மாவை எடுத்துட்டாங்கன்னா எங்க புள்ளைங்களுக்கு வேற யாரும் வரமாட்டாங்க."

"கட்டடத்துல ஏன் பாடம் நடத்துறதில்லை?" என்று பிச்சைமுத்து கேட்டார்.

இருளாயி ஓடையைப் பார்த்தாள்.

"முன்னால நடத்துனாங்க. நாலு வருஷமாச்சு. அன்னிக்கும் இப்படித்தாங்க, இங்க மழையே இல்ல. டீச்சரம்மா வழக்கம்போல மணி அடிச்சாங்க. புள்ளைங்க எண்ணிக்கை கொறைஞ்சா கிராண்டு கொறையும், பள்ளிக்கூடத்தை மூடிருவாங்கன்னு சொல்லி, நேரத்துக்கு வரணும்னு கண்டிசனா இருப்பாங்க. எம் பொண்ணு பவுனுக்கு மணிச்சத்தம் கேட்டா கால் நிக்காது. முதல் ஆளா ஓடையில எறங்குச்சு."

சவரிராயன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டான்.

"டீச்சரம்மா அழுதுகிட்டே சுத்தியலை என் கையில குடுத்துட்டாங்க. இனிமே புள்ளைங்களைக் கூப்பிட இதை அடிக்கமாட்டேன்னாங்க. பள்ளத்துல இருக்கிற எங்களுக்கு அருவி தெரியாது. இந்த மேட்டுலதான் தெரியும். அருவி செவந்தா அடிக்கிறேன். இந்த நாலு வருஷத்துல ஓடை யாரையும் எடுக்கல. மேலிடத்துல சொல்லிடாதீங்க. சொன்னா மூடிருவாங்கன்னு டீச்சரம்மா பயப்படுறாங்க."

"ஊர் அந்தப் பக்கம் இருக்கு. பள்ளிக்கூடத்தை ஏன் இந்தப் பக்கம் கட்டினாங்க?"

"நாங்க கேட்டது ஒரு நடைபாலந்தாங்க. பாலம் இருந்தா கீழ இருக்கிற பள்ளிக்கூடத்துக்கே புள்ளைங்க போயிரும். அவங்க வந்து பாத்தாங்க. காரு இந்தத் திருப்பம் வரைக்குந்தான் வரும். அந்தம்மா எறங்கி நின்னு, எம் பொண்ணுக்கு இந்த எடம் ரொம்பப் புடிச்சிருக்கும்னாங்க. பொண்ணைப் பறிகொடுத்தவங்க கண்ணீரோட சொல்றப்ப, நாங்க என்னத்தச் சொல்றது?"

மேட்டுக்கு ஏறி வந்தபோது, பெயர் செதுக்கிய கல்லுக்கு அடியில் இரண்டு தேக்கிலை விரித்து, அவித்த குச்சிக்கிழங்கு வைத்திருந்தது. அவர்கள் ஓடைக்கு இறங்கிய பிறகு வைத்தது, இன்னும் சூடு ஆறவில்லை. இரண்டு யாருக்கு என்று சவரிராயன் கேட்டான்.

"ஒண்ணு எம் பொண்ணுக்கு. ஒண்ணு அந்தக் கல்லுல பேரு போட்டிருக்கிற புள்ளைக்கு. ஒருத்திக்கு வெச்சிட்டு இன்னொருத்தியைச் சும்மா பாக்கவிட முடியுங்களா?" என்றாள் இருளாயி.

திரும்பி வரும் பஸ் துறையூரைத் தாண்டியது. சத்திரம் பஸ் ஸ்டாண்டு நெருங்கும்போது சவரிராயனால் அடக்க முடியவில்லை.

"சார், அந்தம்மா கேட்டது பேய் உண்டா இல்லையான்னுதானே. இல்லைன்னு சொல்லிட்டு வந்துடலாம். எடத்தைக் காட்டினது அவங்கதான்னு நாம ஏன் சொல்லணும்? ஏற்கெனவே ஒரு பொண்ணைக் கொடுத்துட்டு நிக்கிறாங்க."

"வெள்ளிக்கிழமை அற்புதம்மாளைப் போலீஸ்ல புடிச்சுக் கொடுக்கப்போறாங்க. கட்டடத்துல ஏன் பாடம் நடத்தலைன்னு கேப்பாங்க. அதுக்கு ஒரே பதில்தான் இருக்கு" என்றார் பிச்சைமுத்து. "நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

அவரேதான் சொன்னார். சித்திரை வீதி வீட்டுக் கூடத்தில் நின்றுகொண்டு, ஒன்றையும் விடாமல், குரலை ஏற்றாமல் இறக்காமல் சொன்னார். பராசரன் நடுவில் இரண்டு தடவை பேச வந்து, வேதவதியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். 

வேதவதி தூணைப் பிடித்துக்கொண்டிருந்தாள். 

"நான்தான் காட்டினேன்" என்றாள். "கார்லேந்து எறங்கி நின்னேன். காத்து நன்னா இருந்தது. ஓடை இருந்தது எனக்குக் கண்ணுலயே படலை."

தூணிலிருந்து கையை எடுத்துவிட்டுப் பிச்சைமுத்துவைப் பார்த்தாள்.

"அப்போ என் கோதை அங்க இல்லையா?"

பிச்சைமுத்து சவரிராயனைத் திரும்பிப் பார்த்தார். சவரிராயன்தான் முன்னால் வந்தான்.

"அது எனக்குத் தெரியலீங்கம்மா. ஆனா இருந்தாலும் தனியா இல்லை. அந்த இருளாயி தன் பொண்ணுக்கு இலை போடுறப்ப உங்க பொண்ணுக்கும் சேத்துத்தான் போடுறாங்க. நான் கண்ணால பாத்தேன்."

வேதவதி வாயைப் புடவைத் தலைப்பால் பொத்திக்கொண்டு அழுதாள். மகள் போனபோது அழுததற்குப் பிறகு அந்த வீட்டில் அப்படி ஒரு அழுகை கேட்டதில்லை என்று பராசரன் பிற்பாடு சொன்னார். வெகுநேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"பராசரா, டீச்சர் மேல யாரும் கைவைக்கப்படாது. வெள்ளையடிக்கிறதை நிறுத்து. அந்தப் பணத்துல ஓடைக்கு மேல பாலம் கட்டணும்."

"டிரஸ்ட் பணத்தைக் கல்விக்குத்தான் செலவழிக்கலாம் மன்னி. பாலத்துக்கு விதி இடம் கொடுக்காது. கமிட்டி கேள்வி கேட்கும்."

"கேக்கட்டும். ஏழு வருஷமா சுவருக்குச் செலவழிச்சோமே, அது மட்டும் கல்வியா?" அவள் சவரிராயனைப் பார்த்தாள். "அந்த ஓடைல தண்ணி எப்போ வடியும்?"

"மேல மழை நின்னா ஒரே நாள்தாங்கம்மா. அப்புறம் நடந்தே போயிடலாம்."

"நீங்க எதுக்கு மன்னி அந்தத் தண்ணியிலெல்லாம்?" என்றார் பராசரன். "கட்டடம் வரைக்கும் கார் போறது. டீச்சரையும் அந்த அம்மாளையும் அங்க வரச்சொல்லி ஆள் அனுப்பறேன்."

"வரச்சொல்லித்தானே பராசரா அந்தக் குழந்தை போச்சு" என்றாள் வேதவதி. "இனிமே நான் போறேன்."